ஆபீஸ் மைக்ரோவேவுக்கு ஒரு செட்டிநாட்டு டப்பா

காரைக்குடியில் மதியம் ஒரு மணிக்கு அளவாகச் சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் சின்ன வெங்காயம் வதங்கும் வாசம் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். மெஸ்ஸில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று சோற்றுக் கூடையோடு நிற்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல நம் ஊர்க்காரர்களுக்கு வாய் வராது. நானும் சில வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேறு வழி தேடினேன்.

வெளிநாட்டில் இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. கலோரியைக் கணக்குப் பண்ணி, உறையவைத்து, அட்டைப்பெட்டியில் விற்கும் ஒரு வேளைச் சாப்பாடு. அமெரிக்காவில் 1981-ல் வந்த லீன் குசீன் இந்த வகையில் பேர் வாங்கியது. ஒரு பெட்டி 300 கலோரிக்குள் என்பதுதான் அப்போது அதன் விளம்பரமே. ஆபீஸ் ஃபிரீசரில் போட்டுவைப்பார்கள், மதியம் மைக்ரோவேவில் ஐந்தாறு நிமிடம் சுற்றவிட்டுச் சாப்பிடுவார்கள். நம் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஃபிரீசரைத் திறந்தால் பரோட்டா, பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன், எண்ணெயில் பொரிக்கிற நகெட்ஸ். பரோட்டாவை வைத்துக்கொண்டு எடை குறைக்க முடியாது.

அதனால் நானே செய்துகொள்ள ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டரை மணி நேரம் அடுப்படியில் நின்றால் எட்டுப் பத்து டப்பா தேறும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், சோற்றைத் திடீரென்று பாதியாக்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அளவு அதே இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

முதலில், கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே "ஐயோ, டயட்டுக்கு ஆகாது" என்கிறார்கள். பாவம், பழி மசாலா மேல் விழுகிறது. மிளகு, சோம்பு, சீரகம், பட்டை, கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் ஒரு டப்பாவுக்குப் போகிற அளவில் கணக்கிலேயே வராது. கலோரி இருப்பது மூன்று இடத்தில்: எண்ணெய், தேங்காய், சோறு.

எண்ணெய் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், செக்கு, ரீஃபைண்ட், எல்லாம் இதில் ஒரே சாதி. ஒரு மேசைக்கரண்டிக்கு 120 வந்துவிடும். அம்மா கோழிக் குழம்புக்குக் கைப்பதத்தில் ஊற்றுகிற எண்ணெயை ஒருநாள் சட்டிக்குப் பதிலாகக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லி அளந்தேன். ஐந்து மேசைக்கரண்டி. எண்ணெயே 600 கலோரி. நான் டீஸ்பூனால் அளந்து ஊற்றுவதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "ஏண்டா, குழம்பு வைக்கிறியா, புள்ளைக்கு மருந்து ஊத்துறியா?"

சோறும் அப்படித்தான். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. வழக்கமாக நான் தட்டில் போட்டுக்கொள்ளும் சோற்றைத் தராசில் வைத்தால் 420 கிராம் காட்டியது. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே 550 கலோரி. தேங்காய்த் துருவல் 100 கிராம் 350-ஐத் தாண்டும். ஒரு கைப்பிடி என்பது 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் 100 கலோரி.

ஆக, மசாலாவைத் தாராளமாகப் போடுங்கள், மற்ற மூன்றையும் அளந்து போடுங்கள். உறையவைத்துச் சூடுபண்ணும்போது சாப்பாட்டின் வாசம் கொஞ்சம் மங்கும். மேல்நாட்டு டப்பாச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மிளகும் பூண்டும் தூக்கலாக இருக்கிற நம் குழம்பு அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். நான் டப்பாவுக்கென்று வைக்கும் குழம்பில் மிளகை வழக்கத்தைவிட ஒரு பங்கு கூட்டுவேன், உப்பைக் கூட்ட மாட்டேன்.

என்ன வாங்க வேண்டும்

சமையலறைத் தராசு ஒன்று, டீஸ்பூன் அளவுக்கரண்டி ஒன்று, டப்பாக்கள். தராசு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கண் பொய் சொல்லும், அதுவும் பசியில்.

டப்பா விஷயத்தில் கவனம் வேண்டும். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மைக்ரோவேவுக்குள் போகவே கூடாது. கண்ணாடி டப்பா சிறந்தது, ஆனால் கனம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டு, மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறியும் உள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். ஹோட்டல் பார்சல் வந்த மெல்லிசு டப்பாவைக் கழுவி எடுத்துவைக்கும் பழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு; அதெல்லாம் ஊறுகாய்க்கு. இன்னொன்று, நம் வட்டாரத்துக்கு மட்டும் சொல்ல வேண்டியது: பெரிய வீட்டுப் பரணிலிருந்தோ முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்தோ வந்த எனாமல் அடுக்கு ஆசையாகத்தான் இருக்கும். பீங்கான் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இரும்பு. மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

எதை உறையவைக்கலாம்

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். முதல் வாரம் வெண்டைக்காய் மண்டி செய்து ஃபிரீசரில் வைத்தேன். அரிசி கழுநீரில் வைக்கிற மண்டி, அன்றைக்கு அருமையாக இருந்தது. புதன்கிழமை ஆபீஸில் திறந்தால் வெண்டைக்காய் துவண்டு கொழகொழவென்று கிடந்தது. பக்கத்து சீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் தட்டிலிருந்து ஒரு அப்பளம் எடுத்து என் பக்கம் வைத்தார். அதே மண்டியை மொச்சையும் பலாக்கொட்டையும் போட்டுச் செய்தால் உறைந்து இளகினாலும் அப்படியே நிற்கிறது.

பொதுவாக, புளிக்குழம்பு, பருப்பு, மசித்த கீரை, பயறு வகைகள், எலும்பில்லாத கோழி, கொத்துக்கறி எல்லாம் நன்றாகத் தாங்கும். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் பொரியலை முக்கால் வேக்காட்டில் இறக்கிவிட்டால் சூடுபண்ணும்போது மீதி வெந்துவிடும். உருளைக்கிழங்கு மணல் மாதிரி ஆகிவிடும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பர். முழு முட்டையை மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கவும் செய்யும், அது தனிக்கதை. வெள்ளரி, தயிர்ப் பச்சடி, அப்பளம் இதெல்லாம் அன்றன்றைக்குத் தனியாக எடுத்துப் போங்கள். தேங்காய் அரைத்த குழம்பு இளகும்போது பிரிந்து நிற்கும். பயப்பட வேண்டாம், சூடானதும் கலக்கினால் சேர்ந்துகொள்ளும்.

சோறும் உறையவைக்கத் தாராளமாக ஏற்றது. புழுங்கலரிசி நன்றாக வருகிறது. கவுனி அரிசியும் அருமை. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், அவ்வளவுதான். கவுனியைச் சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டுத்தான் நமக்குத் தெரியும். அப்படிச் சாப்பிட்டால் அது கல்யாண விருந்து. வெறும் சோறாக வடித்தால் மெல்லுவதற்கு நேரம் பிடிக்கும், வயிறும் கொஞ்சம் நேரம் பேசாமல் இருக்கும். கலோரி மட்டும் வெள்ளைச் சோற்றுக்குக் கிட்டத்தட்டத்தான் வரும். கறுப்பாக இருக்கிறதே என்று இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளாதீர்கள்.

கணக்கோடு ஒரு டப்பா

நான் அதிகம் செய்வது கோழி மிளகு டப்பா. ஆறு டப்பாவுக்குத் தோல் நீக்கி எலும்பெடுத்த கோழி 700 கிராம். மிளகு, சோம்பு, சீரகம், கொத்தமல்லி விதை, இரண்டு மிளகாய், கொஞ்சம் கல்பாசி எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடிக்கவும். எண்ணெய் மொத்தமே ஆறு டீஸ்பூன், அதாவது டப்பாவுக்கு ஒன்று. அடி கனமான சட்டியில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, 250 கிராம் சின்ன வெங்காயத்தை உப்புப் போட்டு வதக்குங்கள். எண்ணெய் குறைவாக இருப்பதால் சீக்கிரம் அடிப்பிடிக்கும். பிடிக்கிற நேரத்தில் எண்ணெய்ப் புட்டியைத் தேடிக் கை போகும். அங்கேதான் நிற்க வேண்டும். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டால் அந்தப் பழுப்பெல்லாம் வெங்காயத்தோடு சேர்ந்து நிறமும் ருசியும் கூடும். இதை மூன்று நான்கு தடவை செய்தால் எண்ணெயில் வதக்கியது போலவே வந்துவிடும். அப்புறம் இஞ்சி பூண்டு, தக்காளி, கோழி, பொடி. தொக்குப் பதத்துக்கு இறக்காமல் கொஞ்சம் தளர இறக்குங்கள், ஃபிரீசரும் மைக்ரோவேவும் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஒரு டப்பாவில் சோறு 120 கிராம் (155 கலோரி), கோழி (சுமார் 155), எண்ணெய் (40), வெங்காயம் தக்காளி (30), பீன்ஸ் பொரியல் 100 கிராம் அரை டீஸ்பூன் எண்ணெயில் (55). கூட்டினால் 435. மொச்சைப் புளிக்குழம்பும் கவுனிச் சோறும் முட்டைக்கோஸும் வைத்த சைவ டப்பா 400 பக்கத்தில் நிற்கும். காய்ந்த மொச்சை ஆளுக்கு 40 கிராம் ஊறவைத்தால் போதும்.

300-க்குள் அடக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நான் முதல் மாதம் அப்படித்தான் செய்தேன். நாலு மணிக்குக் கை நடுங்கும் பசி. டீக்கடைக்குப் போனால் டீயோடு இரண்டு வடை. மிச்சம் பிடித்ததெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் போய்விடும். 400, 450 கலோரியில் பயறோ கறியோ கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஆறு மணி வரை வண்டி ஓடுகிறது.

ஆறவைப்பதில் அவசரம் காட்டுங்கள்

எல்லாரும் கறியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். சோறும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டிய ஆள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. "பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவன்தானே" என்று அப்பத்தா கேட்கலாம். தண்ணீர் ஊற்றிப் புளித்த சோறு வேறு கணக்கு. பானையில் மூடிவைத்து மத்தியானம் வரை ஆறவிட்ட சோறு வேறு கணக்கு.

நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றை வடித்ததும் அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். கால் மணியில் ஆவி அடங்கிவிடும். குழம்புச் சட்டியைத் தண்ணீரும் ஐஸும் போட்ட பெரிய பாத்திரத்துக்குள் இறக்கிக் கிளறுங்கள். கொதிக்கக் கொதிக்க ஃபிரீசரில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் பழைய டப்பாவும் இளகிவிடும்.

டப்பாவில் போடும்போது சோற்றை ஓரமாக வைத்து நடுவில் வடைக்குப் போடுகிற மாதிரி ஒரு குழி விடுங்கள். மைக்ரோவேவில் நடுப்பகுதிதான் கடைசியில் சூடாகும். குழி இருந்தால் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது. சோற்றின் மேல் ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளியுங்கள். மூடிக்குக் கீழே விரல்கடை இடம் விடுங்கள், உறையும்போது உப்பும். மூடியில் ஒரு ஒட்டுத்தாள்: பெயர், தேதி, கலோரி. தேதி போடாத டப்பா மூன்று மாதம் கழித்து ஃபிரீசரின் அடியிலிருந்து எழும்பி வரும், உள்ளே இருப்பது கோழியா கொத்துக்கறியா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஒரே அடுக்காகப் பரப்பி உறையவிட்டு, மறுநாள் அடுக்கிக்கொள்ளலாம்.

ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் இரண்டு மூன்று மாதம் ருசி நிற்கும். நான் ஐந்து வாரத்துக்கு மேல் வைப்பதில்லை.

கரண்ட் கவலைக்கு ஒரு காசு

மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். நாம் ஆபீஸில் இருப்போம். நிறைந்த ஃபிரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஆனால் வீட்டில் யாராவது ஐஸ் எடுக்கத் திறந்தார்களா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். வெளியூர் போய்வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் கிடந்தால் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

ஆபீஸுக்குக் கொண்டுபோவது

ஆபீஸில் ஃபிரிட்ஜ் இருந்தால் வேலை சுலபம். முதல் நாள் இரவே டப்பாவை ஃபிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். காலையில் இளகியிருக்கும், போனதும் அங்கே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். அன்றைக்குச் சாப்பிடாவிட்டால் மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள், திரும்ப உறையவைக்காதீர்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத ஆபீஸ் என்றால் கல்லாக உறைந்த டப்பாவையே எடுத்து, வெப்பம் தடுக்கும் பையில் ஒரு ஐஸ் பேக்கோடு வைத்துப் போங்கள். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு பஸ்ஸில் வரும் ஒரு நண்பர் இப்படித்தான் கொண்டுவருகிறார். ஒரு மணிக்குத் திறக்கும்போது நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும். பையை இன்ஜின் பக்கத்துச் சீட்டில் வைக்காமல் இருந்தால் சரி. டப்பா சில்லென்று இல்லாமல் போயிருந்தால் அதை நம்பாதீர்கள்.

சூடுபண்ணுவது

மைக்ரோவேவ் தண்ணீரைச் சட்டென்று சூடாக்கும், ஐஸை அவ்வளவு சீக்கிரம் தொடாது. அதனால்தான் உறைந்த டப்பாவை முழு வேகத்தில் வைத்தால் ஓரம் கொதித்து நாக்கைச் சுடும்போதே நடுவில் ஐஸ் நொறுங்கும். இளகிய டப்பா 800 வாட் மைக்ரோவேவில் இரண்டரை, மூன்று நிமிடம். உறைந்தது என்றால் டிஃப்ராஸ்டில் நான்கு நிமிடம், கிளறிவிட்டு முழு வேகத்தில் மூன்று நிமிடம். மூடியை இறுக்கி மூடாமல் ஒரு மூலையைத் தூக்கிவைக்க வேண்டும். பாதியில் ஒருமுறை எடுத்துக் கிளறுவதைச் சோம்பலில் விடாதீர்கள். கடைசியில் ஒரு நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு நடுவில் ஸ்பூனை விட்டுப் பாருங்கள், ஆவி பறக்க வேண்டும். 75 டிகிரி என்பது கணக்கு. தெர்மாமீட்டர் இல்லாத நமக்கு அந்த ஆவிதான் சாட்சி.

பன்னிரண்டு பேருக்கு ஒரே மைக்ரோவேவ் இருக்கிற இடத்தில் ஏழு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கிறவர்கள் பார்வையே குழம்பைச் சூடாக்கிவிடும். முதல் நாள் இரவே இளகவைக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். இல்லையா, பன்னிரண்டே முக்காலுக்கே போய்விடுங்கள்.

கடையில் வாங்கினால்

வாரம் முழுக்கச் சமைக்க முடியாதவர்கள், சூடுபண்ணிச் சாப்பிடுகிற பாக்கெட்டுகளை வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் எழுதியிருக்கும் 'லைட்', 'ஹெல்தி' எல்லாம் அலங்காரம். பல பாக்கெட்டில் கலோரி 100 கிராமுக்குப் போட்டிருக்கும், பாக்கெட் 300 கிராம் இருக்கும், மூன்றால் பெருக்குங்கள். அடுத்து சோடியம். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் என்பதுதான் நம் நாட்டு லேபிள் கணக்குக்கு அடிப்படை, அதாவது 5 கிராம் உப்பு. ஒரு வேளைக்கே 800, 900 போனால் திருப்பி வைத்துவிடலாம். உறைந்த பச்சைப் பட்டாணியை மட்டும் நான் தயங்காமல் வாங்குவேன். சோறு குறைந்த டப்பாவில் ஒரு கைப்பிடி போட்டால் நிறைந்த மாதிரி இருக்கும்.

முடித்த பிறகு

டப்பாவை உடனே அலசுங்கள், மஞ்சள் ஏறிவிடும். ஏறினால் கழுவி ஒரு நாள் மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்தால் பெரும்பாலும் போய்விடும். மைக்ரோவேவில் தெறித்ததை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கோழி வாசம் நின்றால் ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் தோலைப் போட்டு இரண்டு நிமிடம் சுற்றவிடுங்கள். கருவாட்டுக் குழம்புக்கு இந்த வைத்தியம் பலிக்கவில்லை. அதை நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.